ரெண்டு சனலுக்கும் பொதுவான தகப்பன்

இல்லைத் தம்பி, எனக்குக் கோப்பி காணும். நீங்கள் சாப்பிடுங்கோ. நான் திரும்பக் கோப்பை கழுவப் போக இன்னும் நேரம் கிடக்கு. பத்ரோன், அதுதான் முதலாளி, பின்னேரத்துக்குத்தான் வரச் சொன்னவர், அதுமட்டும் கதைக்கலாம்.

ஓம், உங்கடை சனலின்ரை போஸ்ரரைப் பாத்தனான், உதிலை நகைக்கடைக் கண்ணாடியிலை ஒட்டியிருக்கு. சிந்திக்கிறவர்களுக்கான தொலைக்காட்சி எண்டு. நல்லாத்தான் கிடக்கு. சாளரம் எண்ட சனல்காரரும் துவங்கேக்கை உதைத்தான் போட்டவை. கோவியாதேங்கோ, பகிடிக்குச் சொன்னனான்.

நீங்கள் அப்ப பள்ளிக்கூடம் போற பிள்ளை, கவனிச்சிருக்க மாட்டியள். ரெண்டாயிரத்து ஒன்பதிலை இஞ்சை பாரிசிலை, லா சப்பல் முழுக்க முழக்கம் எண்ட ஒரு சனல்தான். கடை, சலூன், வீடு, எங்கை போனாலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். மே மாசம் ஊரிலை சண்டை முடிஞ்சாப் பிறகு சனத்துக்கு வெறுத்துப் போச்சு. கடைசி நாள் மட்டும் வெல்லுறம் வெல்லுறம் எண்டு வாசிச்சவங்கள்தானே. கேள்வி கேக்கிற ஆக்கள் இருக்கினமே, வாத்திமார், புத்தகம் வாசிக்கிறவை, எல்லாப் பக்கத்திலையும் பிழை இருக்கு எண்டு கதைக்கிறவை, அவைதான் முதல் பாக்கிறதை நிப்பாட்டினது. அந்த ஆக்களைப் பிடிக்கத்தான் லா கூர்னெவ்விலை ஒரு கிடங்குக்குள்ளை சாளரம் துவங்கினது. இஞ்சை ஆரும் எதையும் கதைக்கலாம் எண்டவை. அதைப் பாத்திட்டு முழக்கமும் மாறிச்சுது. பின்னாலை இருந்த சிவப்புப் போய் நீலம் வந்தது. கத்திக் கத்திச் செய்தி வாசிச்ச பொடியன் கோயில் ஐயர் மாதிரி மெதுவாக் கதைக்கத் துவங்கினான். பேந்து ரெண்டு பேரும் ஞாயிறு பின்னேரம் ஒரே நேரத்திலை விவாதம். ரெண்டு பேருக்கும் அதே ஆக்கள்தான் வேணும்.

ரெண்டு பேருக்கும் இந்தச் சூசைநாதனும் வேணும்.

ஏனெண்டால் என்ரை கதை எந்தப் பக்கத்துக்கும் முழுசாப் பொருந்தாத கதை, கண்டியளோ. மகன் யதுர்சன் தாயோடை வன்னியிலை நிண்டவன். நான் முதலே இஞ்சை வந்திட்டன், பேப்பர் சரிவந்த உடனை கூப்பிடுவம் எண்டு. அதுக்குள்ளை சண்டை முத்தீட்டுது. மாசி மாசம் இயக்கம் அவனைப் பிடிச்சுக்கொண்டு போச்சு. பதினேழு வயசு. பிறகு ஆமி அடிச்ச செல்லிலை அந்தப் பக்கமே இல்லாமல் போச்சு. என்ரை பிள்ளை எங்கை எண்டு தெரியாது. இதைத்தான் நான் ரெண்டு இடத்திலையும் ஒரு மாதிரியே சொன்னனான். முதலே வீடியோ எடுத்து வைச்சுத்தான் ஞாயிறு போடுறவை. முழக்கம் இயக்கம் பிடிச்சதை வெட்டிப்போட்டுது. சாளரம் ஆமியின்ரை செல்லை வெட்டிப்போட்டுது. கேட்டால் நேரம் காணாதாம். ரெண்டு சனலையும் மாறி மாறிப் பாத்தால்தான் அவன்ரை கதை முழுசா வரும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி எண்டு சும்மாவே சொன்னவை?

அழுதனானோ? இல்லை. எனக்கு அப்பவே அழுகை வாறது நிண்டுபோச்சு. சாளரத்திலை விவாதம் நடத்திற சாரதாதேவி, நல்ல மனிசிதான், கேள்வி கேக்க முதல் கண் துடைக்கிற ரிசுப் பெட்டியை மெல்ல என்ரை பக்கம் தள்ளிவிடுவா. நான் அதைத் திருப்பி அவவின்ரை பக்கம் தள்ளிவிடுவன். இடிச்ச புளி மாதிரி இருந்தால் சனம் என்னெண்டு பாக்கும் அண்ணை எண்டு ஒருக்காக் கேட்டவ. உண்மைதான். ஆனாலும் சனம் பாத்தது. காணாமல் போன யதுர்சனின் தந்தை எண்டு கீழை எழுத்து வந்தால் ரெலிபோன் வந்துகொண்டே இருக்குமாம். அவன் எங்கை எண்டு கேட்டால் எல்லாரிட்டையும் ஒரு பதில் இருக்கு.

ரோட்டாலை போகேலாது. மெற்றோ வாசல்லை மறிச்சுக் கேப்பினம், அண்ணை, மகனைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ எண்டு. அக்கறையாத்தான் கேக்கினம், குறை சொல்லக்கூடாது. மனிசி மரியகொறற்றி ரெண்டாயிரத்துப் பதினொண்டிலை வந்து சேந்திட்டா. வந்த புதுசிலை சாமான் வாங்க இஞ்சை வருவா. ஒரு அம்மா அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, நம்பிக்கையை விடாதேங்கோ, எங்கையும் காம்பிலை இருப்பான் எண்டு சொல்ல, இவ கத்தரிக்காயைப் போட்டிட்டு வந்திட்டா. இப்ப இந்தப் பக்கம் வாறேல்லை. நாங்கள் இருக்கிற பொண்டியிலை கிடைக்கிறதை வாங்கிச் சமைக்கிறா.

உங்கடை சனலுக்கு மட்டும்தான் நான் வரவேணுமோ? ம். அவையும் அப்பிடித்தான் கேட்டவை. வெட்டாமல் போடுவியளோ? ஒரு சொல்லும் வெட்ட மாட்டியள். நல்லது தம்பி. அப்ப முழுசாச் சொல்லுறன்.

அவன் திரும்பி வந்தவன். ஓம், இயக்கத்திட்டையிருந்து ஓடித் தாயிட்டையே வந்திட்டான். சித்திரை மாசம். ரெண்டு நாள் தாயோடை பங்கருக்குள்ளை இருந்திருக்கிறான். பிறகு செல் விழுந்தது. அதே பங்கருக்குள்ளை வைச்சு, மனிசி தன்ரை கையாலை மண்ணைத் தள்ளி மூடிப்போட்டுத்தான் வெளிக்கிட்டவ. எயார்ப்போட்டிலை இருந்து வாற ரெயினுக்குள்ளை வைச்சு எனக்குச் சொன்னா. நான் அவவின்ரை பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.

சொன்னனான் தம்பி. சொல்லாமல் விடுவனோ. அடுத்த நாளே ரெண்டு சனலுக்கும் சொன்னனான். மரண அறிவித்தல் போடுங்கோ எண்டு கேட்டனான். உங்களுக்குத் தெரியும்தானே, ரீவியிலை அறிவித்தல் வராமல் இஞ்சை செத்தவீடு இல்லை. படமும் ரெலிபோன் நம்பரும் வந்தால்தான் சனம் வரும், தேத்தண்ணி குடிச்சு, கூட இருந்து அழும். மனிசி அதைத்தான் கேட்டவ. வேறை ஒண்டும் கேக்கேல்லை.

முழக்கத்திலை சொல்லிச்சினம், ஓடி வந்த கதை வேண்டாம், போராடி விழுந்தவன் எண்டு போட்டால் பெரிசாச் செய்யலாம் எண்டு. அவன் போராடேல்லை எண்டன். அப்ப கொஞ்சம் பொறுங்கோ எண்டவை. சாளரத்திலை சாரதாதேவி சொன்னா, அண்ணை, செத்திட்டான் எண்டால் கேள்வி முடிஞ்சிடும், அங்காலை என்னத்தை விவாதிக்கிறது, இந்த வருசம் மட்டும் விடுங்கோ எண்டு. அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் போயிட்டுது. பொண்டி மாதா கோயில்லை அவனுக்காகப் பூசை ஒப்புக்குடுத்தனாங்கள். நானும் மனிசியும் மட்டும்தான் வாங்கிலை இருந்தனாங்கள்.

ஏன் பிறகும் போறனோ? போகாமல் விடலாம்தான். விட்டால் அவன்ரை பேரைச் சொல்ல எங்களுக்கு வேறை இடம் இல்லைத் தம்பி. ஞாயிறு பின்னேரம் அந்தப் பேர் ரீவியிலை வரேக்கை மனிசி அடுப்பை நிப்பாட்டிட்டு வந்து முன்னாலை இருப்பா. முடிஞ்சாப் பிறகு எழும்பிப் போவா. திரும்ப அடுப்பை மூட்டுவா.

இப்ப விளங்குதே. முதல் நீங்கள் மரண அறிவித்தலைப் போடுங்கோ. அடுத்த ஞாயிறு வந்து எல்லாத்தையும் சொல்லுறன், உங்களுக்கு மட்டும்.

என்ன, ரெலிபோனை எடுக்கிறியள். மேலிடத்தைக் கேக்கவேணுமோ. கேளுங்கோ, கேளுங்கோ. நீங்கள் என்ன செய்யிறது, சம்பளத்துக்கு நிக்கிற பிள்ளை.

ஓமோ. அறிவித்தலை அடுத்த மாசம் பாப்பமோ.

சரி. அப்ப இந்த ஞாயிறு உங்களிட்டை நான் எத்தினை மணிக்கு வரவேணும்?