அடியில் படிந்த இரும்பு

தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு மதியச் சாப்பாடு ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். வால்திவியா நகரின் அந்தச் சோதனைக்கூடத்தில் பதினோரு வருடம் எனக்கு அப்படித்தான் முடிந்தது. பிறகு வடக்கே இகிகேயிலிருந்து பொறியாளராக நியேவெஸ் வந்தாள். அவளோடு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகும்.

நாங்கள் சோதித்தது இரும்புத்தூள் கலந்த எண்ணெய். காந்தம் பட்டால் கண் இமைப்பதற்குள் கெட்டித் தயிராக இறுகும். நிலநடுக்கத்தில் கட்டடத்தை ஆடவிடாமல் பிடிக்கும் உருளைகளுக்குள் அதை நிரப்புவார்கள். ஒரே பயம், சும்மா நின்றால் தூள் அடியில் படிந்துவிடலாம். அதனால் உருளையை மூன்று மாதம் அசைக்காமல் வைத்து, பிறகு இயக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் உருளை தேறவில்லை.

“இதுவும் போச்சுன்னா கடையைக் கட்டிடுவாங்க, தோன் ஹசிந்தோ. நான் ஊருக்குப் போய் அம்மாவோட மீன் விக்க வேண்டியதுதான்,” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூடத்துச் சாவி என்னிடம் இருந்தது. தினமும் காலையில் அவள் வருமுன் இரண்டாவது உருளையை நாலு முறை தலைகீழாகப் புரட்டி வைத்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து அது அருமையாக இயங்கியது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

அந்த எண்ணெய் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனது. இரண்டு வருடம் பூமி சும்மா இருந்தது. பிறகு ஆடியது. பத்தொன்பது பேர் வெளியே வரவில்லை. உருளைகளைத் திறந்தபோது இரும்பு அடியில் களிமண்ணாக இறுகிக் கிடந்ததாம். கையெழுத்து அவளுடையது, அவளைக் கொண்டுபோனார்கள்.

பதினான்கு மாதமாக ஞாயிறு தவறாமல் கறி அடைத்து எம்பனாதா சுட்டு எடுத்துக்கொண்டு சிறைக்குப் போகிறேன்.

“எல்லாரும் கைகழுவிட்டாங்க. நீங்க மட்டுந்தான் வர்றீங்க,” என்பாள். ஒருநாள் கேட்டாள்: “எங்க கோட்டை விட்டேன்னே தெரியலை. கூடவே இருந்தீங்களே, சொல்லுங்களேன்.”

“சாப்பிடு, ஆறிடும்,” என்றேன்.

இத்தனை நாள் கழித்து காவல் நிலையத்துக்கு ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான், ஐயா. போன ஞாயிறு அவளை வடக்கே, அம்மா இருக்கும் ஊர்ச் சிறைக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் இரண்டு நாள். என் முழங்கால் தாங்காது.

எழுதிக்கொண்டீர்களா? அவளை விடுவிக்கும்போது, இங்கே சிறையில் என்னை எந்தக் கிழமையில் பார்க்க விடுவார்கள் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். கட்டாயம் வருவாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?