காப்பறைக்குள் மாப்பிள்ளை

தேநீர் வேண்டாம் சார். மதியத்துக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடும். நீங்கள் குடியுங்கள், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

பெயின்ட் கம்பெனியின் ஆவணக் காப்பறைக்கு நான்தான் பொறுப்பு. எந்தத் தாள் எவ்வளவு காலம் இருக்க வேண்டும், யார் எதைப் பார்க்கலாம், எல்லாம் என் கையில். கதவு அட்டை காட்டினால்தான் திறக்கும். உள்ளே போக மட்டுமல்ல, வெளியே வரவும். அப்படித்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவன் நான்.

மாப்பிள்ளையை, அதாவது என் தங்கை கணவரை, அங்கே ஸ்கேன் செய்யும் வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். தங்கமான மனிதர். அவர் வாயைத் திறந்தால் சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலிக்கும். அன்று சாப்பாட்டு நேரத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், கலவைக் கூடத்து ஆளுங்களோட நுரையீரல் ரிப்போர்ட் எல்லாம் உள்ளதான் இருக்கு. அவங்க போட்ட கேஸ்ல, அப்படி ஒண்ணுமே இல்லைன்னு கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"மேலாளர் சொன்னார், கையெழுத்துப் போட்டேன். சாப்பிடுங்க மாப்பிள்ளை."

"எப்படி இறங்கும்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் விஷயம் வெளியே போனால் மேலாளர் நழுவிவிடுவார். கையெழுத்து என்னுடையது. மேலாளரிடம் சொன்னால் மாப்பிள்ளைக்கு வேலை போகும், தங்கை முகத்தில் விழிக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கை கழுவியதும் அவர் நேரே காப்பறைக்குப் போனார். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே சிக்னல் கிடைக்காது, வெளியே வந்தால்தான் அனுப்ப முடியும். அவருடைய அட்டையை ரத்து செய்தேன். விதிமீறல் நடந்தால் அதுதான் முதல் நடவடிக்கை.

இன்டர்காமில் கூப்பிட்டார். "மச்சான், கார்டு வேலை செய்யல."

"படத்தையெல்லாம் அழிச்சிடுங்க, திறக்கிறேன்."

"அவங்க இருமுறத நீங்க பக்கத்துல நின்னு கேட்டதில்ல. அழிக்க மாட்டேன் மச்சான். நீங்களே திறப்பீங்க, எனக்குத் தெரியும்" என்றார்.

அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க மாட்டோம், தாள் பாழாகிவிடும். வாயுதான். அது அறையிலுள்ள காற்றை விரட்டிவிடும், தீ மூச்சுத் திணறி அடங்கும். மனிதரும் அப்படித்தான். அதற்கான கைப்பிடி வெளிச்சுவரில் இருக்கிறது.

தீ எதுவும் இல்லை சார். நான்தான் இழுத்தேன்.

மணி அலறியது. மாப்பிள்ளை ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். நெருப்பு என்றே நம்பிவிட்டார். "மச்சான், நிக்காதீங்க, ஓடுங்க. பிள்ளைங்க இருக்கு உங்களுக்கு." அதுதான் கடைசியாகக் கேட்டது. நான் ஓடவில்லை. திறக்கவும் இல்லை. அவர் கை கண்ணாடியை விட்டு இறங்கும்வரை நின்றேன்.

"நீ பக்கத்துல இருந்திருந்தா விட்டிருப்பியாண்ணா" என்று, விபத்தென்றே நம்பிய தங்கை சாவு வீட்டில் என் தோளில் சாய்ந்து அழுதாள். தட்டிக்கொடுத்தேன்.

அவர் கைப்பேசியை யாரும் பார்க்குமுன் எடுத்து உடைத்துவிட்டேன். அந்த ரிப்போர்ட்டுகளை அப்புறம் நானே இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கினேன். வைத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ முடிந்தவைதான் அவை.

கொன்றது நான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் பொறுப்பில் இருந்தவரை அந்த அறையிலிருந்து ஒரு தகவல்கூடக் கசிந்ததில்லை. அதையும் எழுதுங்கள் சார்.