கடித்த தண்ணீர்

மலேசியாவின் சிகாமட்டில் ரயில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

“தண்ணி என் காலக் கடிச்சுச்சுக்கா.”

“பாம்பா?” என்றார் மூத்தவர்.

“வெறும் தண்ணிதான். வெள்ளம் வாசல் வரைக்கும் வந்திருச்சு. பக்கத்து வீட்டு அங்கிள் என்னக் கூட்டிட்டுப் போக வந்தாரு. எங்க இரும்பு கேட்டப் பிடிச்சவரு அப்படியே நின்னுட்டாரு. கூப்பிட்டேன், பேசல. என்னையே பார்க்குறாரு. கிட்டப் போலாம்னு தண்ணியில கால வச்சேன், சுருக்குன்னுச்சு.”

“அலமாக்! கரண்ட்டா?”

“கேட்டுல லைட் போட்டிருக்கோம்ல, அந்த வயரு பிஞ்சு கம்பியில பட்டிருக்கு. உள்ள ஓடி மெயின் சுவிட்ச அடைச்சேன். அப்பதான் அவரு கை கேட்ட விட்டுச்சு. தண்ணியில விழுந்தவர இழுத்துப் படியில போட்டேன்.”

“உசுரோட இருக்காரா?”

“இருக்காரு லா. நேத்து ஆஸ்பத்திரியில பார்த்தேன். கரண்ட்டு கைய இறுக்கிப் பிடிச்சுக்கிச்சாம், விடவே முடியலையாம்.”

இளையவர் குரலைத் தாழ்த்தினார்.

“‘கிட்ட வராத, கிட்ட வராதன்னு அவ்வளவு நேரம் கத்துனேனேம்மா’ங்கிறாரு. அவரு வாய் அசையவே இல்லக்கா.”