எட்டு அங்குல மெத்தை

காலையில் நாலே முக்காலுக்கு எழுவோம். நான் முதலில். எனக்குக் காப்பி. அவளுக்கு வெந்நீர், அரை வாழைப்பழம், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள் கருவை நான் தின்பேன். பிறகு அவள் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து காலை நீட்டுவாள். இரண்டு கணுக்காலுக்கும் நான் பட்டை சுற்றுவேன். வலதுக்கு ஏழு சுற்று, இடதுக்கு ஐந்து. ஐந்தரைக்கு வண்டியில் இருப்போம். பயிற்சிக்கூடத்துச் சாவி என்னிடம்தான் இருந்தது. ஜூன் மூன்றாம் தேதியும் இப்படித்தான் விடிந்தது.

உங்கள் படிவத்தின் முதல் கேள்விக்குப் பதில் அது. மற்றக் கேள்விகளையும் பார்த்தேன். விளக்கு எரிந்ததா, தரை ஈரமாக இருந்ததா, கூடத்தில் வேறு யார் இருந்தார்கள். கடைசியில் நான் கையெழுத்துப் போட ஒரு கோடு. விசாரணைக் கோப்பை மூடத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்களுக்கு என்மேல் சந்தேகம் இல்லை. யாருக்குமே இல்லை. ஆறு வாரமாகப் பார்க்கிறேன், ஒருவருக்கும் அவ்வளவு புத்தி வரவில்லை.

டெலேனியைப் பற்றி லிங்கன் நகரத்துப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பதின்மூன்று வயதில் நாட்டின் முன்னணி ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளில் ஒருத்தி. பதினாறில் ஒலிம்பிக் அணிக்கு மாற்று வீராங்கனை. மாற்று என்றால், அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவது. அப்புறம் நான்கு ஆண்டு பல்கலைக்கழகம். அங்கேதான் நான் ஆண்கள் அணியில் இருந்தேன். மூன்றாம் ஆண்டில் எங்கள் அணியைக் கலைத்துவிட்டார்கள். பெண்கள் அணிக்குப் புதிய ஓய்வறை கட்டினார்கள். அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். இருபத்திரண்டு வயதில், மறுபடியும் ஒலிம்பிக்குக்கு முயற்சி செய்யப்போவதாகச் சொன்னாள். அந்த வயதில் இந்த விளையாட்டில் பாதிப் பேர் பயிற்சியாளர் ஆகிவிடுவார்கள், மீதிப் பேர் முட்டி அறுவைக்கு வரிசையில் நிற்பார்கள். அவள் திரும்பி வந்ததைச் சாதனை என்று எழுதினார்கள். அடுத்தடுத்து அடிபட்டபோது 'துரதிர்ஷ்ட டெலேனி' என்று எழுதினார்கள். அதிர்ஷ்டம் என்று ஒன்றை நம்புகிறவர்களுக்கு எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

அவளுடைய பயிற்சியாளர் ரோண்டா. நான் துணைப் பயிற்சியாளர். உண்மையில் என் வேலை மெத்தை தள்ளுவது.

அதைக் கொஞ்சம் விளக்குகிறேன், படிவத்தில் அதற்கு இடம் இல்லை. தரைப் பயிற்சியில் அவள் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஓடி வருவாள். கையூன்றிப் புரண்டு எழும்பி, உடம்பை மடக்காமல் பின்பக்கமாக இரண்டு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு. புது வித்தை என்பதால் இறங்கும் இடத்தில் எட்டு அங்குல மெத்தை வேண்டும். அது முன்கூட்டியே அங்கே கிடந்தால் கண் அதன்மேல் போகும், ஓட்டம் கெடும். அதனால் அவள் கால் தரையை விட்ட பிறகுதான் நான் அதைத் தள்ள வேண்டும். ஒரு நொடி இருக்கும். மெத்தை விரிப்பின்மேல் உரசிப் போகிற சத்தம் தலைகீழாக இருக்கும்போது அவளுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இறங்கத் தயாராவாள். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்தது கிடையாது. மூன்று ஆண்டில் சில ஆயிரம் தடவை தள்ளியிருப்பேன்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்தில் அவள் அம்மா லினெட் வான்கோழியை அறுத்துக்கொண்டே சொன்னாள்:

"என் பொண்ணு பறக்குறா. மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு கேளுங்க. மெத்தை தள்றாரு."

"அம்மா, சும்மா இரேன்."

"பெருமையாத்தாண்டி சொல்றேன். நாட்டுக்காகத் தள்றாரு."

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டெலேனியும் சிரித்தாள். மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்திருந்தாள். ஆனாலும் சிரித்தாள்.

முதல் கணுக்கால் முறிவு நிஜமாகவே விபத்து. என் கால் வழுக்கியது, மெத்தை தாமதமாகப் போனது. அவள் விளிம்பில் இறங்கினாள். ரோண்டா ஓடி வந்து முதலில் என் முதுகைத்தான் தட்டினாள்.

"உன் தப்பு இல்ல கண்ணு. இவதான் சீக்கிரமாச் சுத்திட்டா."

"ஆமா, சாரி" என்றாள் டெலேனி, காலைப் பிடித்துக்கொண்டு.

எங்கள் கூடத்தில் இது வழக்கம். விழுந்தவள் எழுவதற்கு முன்னால் சாரி சொல்ல வேண்டும். ஐந்து வயதில் ஆரம்பிக்கிறது. யாரிடம், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சமநிலைப் பலகையிலிருந்து விழுந்து பல் உடைந்த குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சாரி சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் அதை ஒழுக்கம் என்று நினைக்கிறார்கள். இப்படி வளர்ந்த ஒருத்தி வேறு யாரையும் குற்றம் சொல்லமாட்டாள். அன்றைக்கு எனக்கு அது தெரிந்தது.

அந்த ஆறு வாரம் அவள் வீட்டில் இருந்தாள். ஒன்பது மணி வரை தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை நான் பான்கேக் சுட்டேன், நாலு தின்றாள். சோபாவில் என் மடியில் கால் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தாள். அதுதான் உண்மையான டெலேனி. நிறுத்திக்கொள்ள அவளுக்கு ஆசை இருந்தது, வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. யாராவது அவளுக்காக அதைச் செய்ய வேண்டியிருந்தது. மாவுக்கட்டோடு சமையலறைச் சுவரில் சாய்ந்து தலைகீழாக நின்று நிமிடம் எண்ணிக்கொண்டிருப்பாள். அது வெறும் பழக்கம்.

மறு ஆண்டு முழங்கை. அது விபத்து இல்லை. மேல் கம்பியை விட்டுக் காற்றில் சுழன்று மறுபடி பிடிக்கும் வித்தை. கீழே நின்று, பிடி தவறினால் இடுப்பைத் தாங்க வேண்டியது என் வேலை. பிடி தவறியது. நான் கையை நீட்டவில்லை. அரை நொடி தடுமாறிவிட்டேன் என்று ரோண்டாவிடம் சொன்னேன். தடுமாறவில்லை. பத்து வாரம் கிடைத்தது. நல்ல பத்து வாரம். ஏரிக்குப் போனோம்.

இந்த ஆண்டு ஜூன் இருபத்தாறு தேர்வுப் போட்டி. புது வித்தை கைகூடினால் அவளுக்கு அணியில் இடம் உறுதி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மே கடைசியில் ரோண்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"போட்டித் தரைக்குள்ள வர ஒரே ஒரு பயிற்சியாளர் அட்டைதான் குடுக்குறாங்க கண்ணு. அது எனக்கு. நீ மேல லினெட் கூட உக்காந்துக்கோ."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ கோவிச்சுக்க மாட்டேன்னு சொன்னா. ஜாலியாப் பாரு, பாப்கார்ன் வாங்கிக்கோ."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. லினெட்டுக்குப் பக்கத்தில் பாப்கார்னோடு உட்கார்ந்து, மெத்தை தள்ள ஆள் இல்லாத ஒரு தரையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்த்தேன். அணியில் எடுத்தால் நேரே முகாமுக்குப் போய்விடுவாள், அங்கேயும் நான் கிடையாது. அப்புறம் ஒலிம்பிக். அப்புறம் ஊர் ஊராகக் கண்காட்சிச் சுற்றுலா. அவள் ஓய்வெடுக்கப் போவதே இல்லை.

ஜூன் மூன்று. ரோண்டா ஏழு மணிக்குத்தான் வருவாள். ஆறே காலுக்கு டெலேனி உடம்பைச் சூடாக்கி முடித்துவிட்டாள். மூலையில் நின்று, பிடிமானத்துக்குக் கையில் பூசியிருந்த வெள்ளைப் பொடியைத் தொடையில் தட்டினாள்.

"ரெடியா?"

"ரெடி."

ஓடி வந்தாள். எழும்பினாள். நன்றாகத்தான் எழும்பினாள், அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மெத்தையின் வார் என் கையில் இருந்தது. நான் தள்ளவில்லை. என் கணக்கில் அது இன்னொரு கணுக்கால், ஆறு வாரம். அவள் எதிர்பார்த்ததைவிடத் தரை எட்டு அங்குலம் கீழே இருந்தது. அதற்குள் உடம்பு அதிகம் சுற்றிவிட்டது. குதிகால் பட்டு, பின்பக்கமாக எகிறி, விரிப்பின் விளிம்பைத் தாண்டிப் போய் விழுந்தாள். அங்கே சிமென்ட் தரைமேல் வெறும் கம்பளம். தலை அடித்த சத்தம் பெரிதாக இல்லை.

நான் அவளைத் தள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மெத்தையைத்தான் தள்ளவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். ரத்தம் இல்லை. கணுக்கால் இரண்டையும் தொட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தன. தவழ்ந்து வந்து அந்த மெத்தையின்மேலேயே படுத்தாள். கொஞ்சம் பேசினாள், கண்ணை மூடினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையில் அடி என்றால் மருத்துவர் மூன்று வாரமாவது விடமாட்டார். தேர்வுக்கு இருபத்துமூன்று நாள். போதும். வீட்டில் பான்கேக் மாவு இருக்கிறதா என்று யோசித்தேன்.

அவள் குறட்டை விட ஆரம்பித்தாள். அவளுக்குக் குறட்டைப் பழக்கம் இல்லை. விளையாட்டுக் காயங்கள் பற்றி எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. தலையில் அடிபட்டவரைக் கவனிக்காமல் தூங்க விடக் கூடாது, குறட்டை கேட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் நிம்மதியாகத் தூங்குவதாகத் தோன்றியது. எழுப்ப மனம் வரவில்லை.

ரோண்டா கதவைத் திறந்ததும் கேட்டாள்: "இவ ஏன் இப்படிக் குறட்டை விடுறா?" ஆம்புலன்ஸை அவள்தான் கூப்பிட்டாள். மறுநாள் மதியம் டெலேனி இறந்தாள். மருத்துவமனை நடையில் ரோண்டா என் முதுகைத் தட்டினாள். "உன் தப்பு இல்ல கண்ணு" என்றாள்.

நிருபர்கள் கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். 'பறந்தது போதும்' என்று சொன்னதாகச் சொன்னேன். லினெட் அழுதாள். இப்போது அது கூடத்துச் சுவரில் இரண்டடி எழுத்தில் இருக்கிறது. எழுபது சிறுமிகள் அதைச் சட்டை முதுகில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்கிறார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டு ஓய்ந்து உட்காராத ஒருத்தி போதும் என்று சொல்லியிருப்பாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அவள் மனதில் இருந்தது அதுதான். மூன்று ஆண்டு பக்கத்தில் இருந்தவன் நான்.

உங்கள் படிவம் அவள் வாயால் சொன்னதைக் கேட்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். மெத்தையில் படுத்து, கண்ணை மூடுவதற்கு முன்னால் சொன்னது:

"சாரி. மெத்தைச் சத்தம் வரும்னு காத்துக்கிட்டு இருந்துட்டேன், என் தப்புதான். ரெண்டு நிமிஷம் குடு, மெத்தை இல்லாமலே இன்னொரு தடவை ஓடி வர்றேன்."