செலெஸ்தினின் கூந்தல்

எங்கள் தோட்டத்தில் ரோஜா பூத்துவிட்டால் யாருக்கும் வீட்டுக்குப் போக மனம் வராது, இன்ஸ்பெக்டர் ஐயா. மோன்மார்த்ர் குன்றின் சரிவில், கல் பாவிய சந்துக்குள் இருக்கும் ஓவியர் தெலமாரின் வீடு. இப்போது அருங்காட்சியகம். காதலுக்காக உருகிக் கிடந்த அந்தக் காலத்தின் பியானோ, விசிறிகள், வெண்சாந்தில் அச்செடுத்த கைகள் எல்லாம் என் காவலில்தான் இருந்தன.

அவற்றில் ஒன்று ஒரு பதக்கம். கண்ணாடிக்குள் செலெஸ்தினின் செம்பழுப்புக் கூந்தல். தெலமார் காதலித்த பாடகி. பத்தொன்பது வயதில் இறந்துபோனாள். அந்தக் காலத்தில் பிரிவுக்கு மருந்தாகத் தலைமுடியைத்தான் கொடுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் அதன் முன் ஒரு பெண் விம்மிக்கொண்டிருந்தாள். நிச்சயித்தவன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். நான் தினமும் காலைப் பூசைக்குப் போகிறவன். அழுகிறவரைக் கடந்துபோக எனக்கு வராது. தூசி துடைப்பதற்காக என்னிடம் சாவி உண்டு. ஓர் இழையை எடுத்து அவள் விரலில் சுற்றிவிட்டேன். அவள் சிரித்தாள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. தோட்டத்துப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன், இந்த வயதில்.

தேநீர் மேசைகளைக் கவனிக்கும் ஜினெத் பார்த்துவிட்டாள்.

"என்னய்யா அன்செல்ம், காலையிலேயே ஏத்திட்டியா?"

"ஒருத்தர் கண்ணீரைத் துடைச்சாலே போதைதான், ஜினெத்."

"அப்ப என் கண்ணையும் துடைச்சு விடு. வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன்."

அதன்பின் சோர்ந்த முகம் எதையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. விதவைகள், பரீட்சையில் தோற்றவர்கள், பூனை செத்துப்போன ஒரு வழக்கறிஞர். ஊரே சிரிப்பது போல் இருந்தது. பதக்கம்தான் மெலிந்துகொண்டே வந்தது.

என் மனைவி சொலாஞ்சின் கூந்தலும் அதே செம்பழுப்பு. இடுப்புவரை தொங்கும். அதற்காகவே கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவள் கண்ணயரும்போது, பதக்கத்தை நிரப்ப ஒரு சிறு கொத்து நறுக்கிக்கொள்வேன். வேரை ஒட்டி நறுக்கினால் இழை நீளமாகக் கிடைக்கும். கத்தரியின் குளிர்ச்சியில் திடுக்கிட்டு எழக் கூடாதே என்று, அவள் குடிக்கும் லிண்டன் பூ கஷாயத்தில் தூக்கச் சொட்டு மருந்து கலந்தேன். பிறகு கொஞ்சம் கூட்டினேன்.

முடி கொட்டுகிறது என்று அவள் பயந்தாள்.

"எனக்கு ஏதோ பெரிய நோய் வந்திருக்குங்க. நடக்கும்போதே கண்ணு சொருகுது."

"கவலைதான் காரணம், கண்ணம்மா. டாக்டர்கிட்டப் போனா இன்னும் பயமுறுத்துவார்."

பாட்டுக்குப் போவதை நிறுத்தினாள். கண்ணாடிகளைத் துணியால் மூடினாள். தினமும் வெண்ணெய் ரொட்டியை நானே ஊட்டினேன். அவளுக்காக மெழுகுவத்தி ஏற்றாத நாளில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, தலையில் முக்காட்டோடு, அவளே அருங்காட்சியகத்துக்கு வந்தாள். வழியெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சாகறதுக்கு முன்னாடி உங்க ரோஜாவைப் பார்த்துடலாம்னு வந்தேன்."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் எப்படிச் சும்மா இருப்பேன்? ஓர் இழையை அவள் விரலில் சுற்றிவிட்டேன்.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். அவள் தன் தலைக்கு மருதாணி போட்டு வாரங்கள் ஆகியிருந்தன. அது எனக்குத் தோன்றவில்லை.

"பத்தொன்பது வயசுல செத்தவளுக்கு அடியில நரையா, அன்செல்ம்?"

பிறகு முக்காட்டை அவிழ்த்தாள். மண்டையில் திட்டுத் திட்டாக நான் நறுக்கிய இடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

எல்லாம் நான் செய்ததுதான். மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றுதான் புரியவில்லை. இழையைச் சுற்றிவிட்ட அந்தக் கணத்தில் அவளும் சிரித்தாளே.

நீங்கள் ஏன் ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? முகமெல்லாம் வெளுத்திருக்கிறதே. என் சட்டைப் பையில் இன்னும் ஓர் இழை இருக்கிறது. விரலை நீட்டுங்கள்.