முந்தைய வேலையிடத்தின் கருத்து

மூன்றாவது மணி அடிப்பதற்கு முன் தொலைபேசியை எடுப்பது எனக்குப் பிடிக்காது. காத்துக்கிடந்தவன் போலத் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் காத்துக்கிடந்ததில்லை.

நீங்கள் என் மகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியை. நான்கு கம்பெனிகள் அவளைத் தேர்ந்தெடுத்த பிறகு ஏன் பின்வாங்கின என்று கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். கேட்டவருக்குப் பதில் சொல்வதுதான் முறை. சொல்கிறேன்.

முப்பத்தெட்டு ஆண்டுகளாக நில அளவை அலுவலகம் நடத்துகிறேன். என் கையெழுத்துள்ள வரைபடத்தை எந்த நீதிமன்றமும் தள்ளியதில்லை. என் மகள் ஒன்பது ஆண்டுகள் எதிர்மேசையில் உட்கார்ந்து வரைந்தாள். அவள் அம்மா போன பிறகு அந்த இரண்டு மேசைகள்தான் எங்கள் குடும்பம். ஒருநாள் திடீரென்று உங்கள் பள்ளியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். டிரைவரும் ஹோட்டல் சர்வரும் ஒரே பெஞ்சில் படிக்கும் இடம் என்று கேள்விப்பட்டேன்.

“ஆறு மாசத்துல என்ன வரும்? தலைமுடிதான் கொஞ்சம் வளரும்” என்றேன்.

“உங்களுக்கு அதுவும் வளராதேப்பா” என்றாள். நானும் சிரித்தேன்.

அந்த ஆறு மாதமும் மத்தியானங்களில் எதிர்நாற்காலியில் என் கோட்டைக் கழற்றி மாட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கோட்டு கசங்காமல் இருக்கட்டும் என்றுதான், வேறு காரணம் இல்லை.

படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு நிரல் எழுதிக் காட்ட வேண்டும் என்பது உங்கள் விதி. அவள் எனக்காக எழுதினாள். ஒரு நிலத்தின் பக்க அளவுகளையும் கோணங்களையும் கொடுத்தால், எல்லைக்கோடு சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிறதா என்று அது சொல்லிவிடும். எனக்கு அரைநாள் பிடிக்கும் வேலை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் அது முடித்துவிட்டது.

“நான் வேற வேலைக்குப் போனதுக்கப்புறம் நீங்க தனியா கஷ்டப்படக் கூடாதுல்லப்பா. அதுக்குத்தான்.”

மூன்று நாள் கையால் போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு பிழைகூடப் பிடிக்க முடியவில்லை.

ஆளை எடுக்கும் முன் கம்பெனிக்காரர்கள் பழைய வேலையிடத்தில் விசாரிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய பழைய வேலையிடம் நான். முதலில் ஒரு பெண் கூப்பிட்டார். பணிவான குரல்.

“சார், இவங்க உங்ககிட்ட வேலை பார்த்தாங்களா? எப்படிப்பட்டவங்க?”

“நேரத்துக்கு வருவாங்க. அடுத்தவங்க செஞ்ச வேலையத் தன்னோடதுன்னு காட்டுற பழக்கம் மட்டும் உண்டும்மா. அந்தப் புரோகிராமும் அவங்க எழுதினதுதானான்னு ஒரு தடவை பாத்துக்குங்க.”

மகள் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. புதிதாக வேலை தேடுகிறவளிடம் காட்டுவதற்கு அந்த ஒரு நிரலைத் தவிர வேறொன்றும் இருக்காது என்பதைத் தெரிந்துதான் சொன்னேன். அடுத்த மூன்று பேரிடமும் அதையேதான் சொன்னேன். ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுவது எங்கள் பரம்பரையில் கிடையாது.

நான்காவது கம்பெனியும் வேண்டாம் என்று எழுதிய அன்று, என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அப்பா, என்கிட்ட என்னதான் குறை? அவங்க எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் ஏம்பா தெரியல?”

தலையைத் தடவிக்கொடுத்தேன். “ஏதோ இருக்கும்மா. இல்லாமயா நாலு பேரும் ஒண்ணு போலச் சொல்வாங்க?” என்றேன்.

அதன்பிறகு அவள் கணினியைத் திறக்கவில்லை. பேசுவதும் நின்றுபோனது. காலையில் எழுப்பினால் எழுந்து வருகிறாள். எதிர்மேசையில் உட்கார்ந்து, முன்னால் வைத்த வெள்ளைத்தாளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸ்பூனைக் கையில் கொடுத்தால் சாப்பிடுகிறாள். இப்போது நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். ஆனால் உங்களை நம்பமாட்டாள். எங்கப்பா பொய் சொல்லமாட்டார் என்றுதான் நினைப்பாள். எங்கள் குடும்பத்தின் கௌரவம் என்று நான் சொல்வது அதைத்தான். இன்றுவரை அதில் ஒரு கீறல்கூட விழ நான் விட்டதில்லை.