பால் வைக்க வேண்டியவள்

கரண்ட் அடுப்பு பூட்டுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. அவசரப்படாமல் செய்தால் போதும்.

மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனி லைன் இழுக்க வேண்டும். லைட்டுக்குப் போகிற மெல்லிய வயரில் அடுப்பைக் கொழுவினால் வயர் உருகிவிடும். கரண்ட் கசிந்தால் உடனே விழுகிற ட்ரிப் சுவிட்ச் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே எர்த். அடுப்பின் இரும்பு உடம்பிலிருந்து பச்சை வயரை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். எங்கள் வாவிக்கரை மண் எப்போதும் ஈரம். எர்த்துக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. செங்கலடியிலிருந்து பாசிக்குடா வரை எத்தனையோ வீடுகளுக்கு வயரிங் செய்திருக்கிறேன். ஒருவருக்கும் ஷொக் அடித்ததில்லை.

அக்காவின் புருஷன், மச்சான் பூபாலபிள்ளையின் வீட்டில் மட்டும் பச்சை வயரை நான் இணைக்கவில்லை.

காரணம் கேட்டீர்கள். வீடுதான் காரணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாயின் வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர், அவ்வளவுதான். கல்குடாவில் அக்காவுக்குச் சீதனவீடு எழுப்ப என் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக் கல் சுமந்தவன் நான். சுனாமி அந்த வீட்டையும் கொண்டுபோனது, அக்காவையும் கொண்டுபோனது. அதற்குப் பதிலாகக் கிடைத்ததுதான் இந்த வீட்டுத்திட்ட வீடு. அக்கா இல்லை என்பதால் மச்சானின் பெயரில் எழுதிவிட்டார்கள். சண்டையால் வேலை இழுபட்டு, சண்டை முடிந்த வருடம்தான் கதவுப் பூட்டின் திறப்பு கைக்கு வந்தது. அதற்குள் மச்சான் யோகமலரைக் கட்டியிருந்தார். அவள் வயிற்றில் பிள்ளை. அது பெண்ணாகப் பிறந்தால் வீடு அதற்குப் போய்விடும். தாய்மாமன் நான் இருந்தும், அக்காவின் மகள் விதுர்ஷா வீடில்லாமல் நிற்பாள்.

யோகமலர் கெட்டவள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுப்பை மச்சான் ஓட்டமாவடியில் இப்றாஹிம் காக்காவின் கடையில் வாங்கி வந்தார். குடிபூரலுக்கு முதல்நாள் நான் அதைப் பூட்டினேன். புதுவீட்டுக்குள் போகிற அன்று மூன்று கல் வைத்து, விறகு மூட்டிப் பால் பொங்கவைப்பதுதான் வழக்கம். புதுச் சுவர் கரி பிடிக்கும், கரண்ட் அடுப்பிலேயே வைப்போம் என்று சொன்னது நான்தான்.

"பால் வழிஞ்சா அடுப்பு பழுதாப் போகாதா அண்ணே?" என்று யோகமலர் கேட்டாள்.

"ஒண்டும் ஆகாது. நான்தானே பூட்டினன்."

மச்சான் சிரித்தார். "இவன் பூட்டின அடுப்பில வாவித் தண்ணி முழுக்கக் காய்ச்சலாம்கா."

வழிகிற பால் உள்ளே இறங்கும் இடத்தில் ஒரு வயரை அதற்கேற்றபடி விட்டிருந்தேன். அந்த லைனை ட்ரிப் சுவிட்ச்சில் சேர்க்கவில்லை. பால் வைக்கிறவள் குளித்த ஈரத்தோடு, கழுவிய தரையில் வெறுங்காலோடு நிற்பாள். பால் பொங்கியதும் சூட்டைக் குறைக்கக் கை நீட்டுவாள். முறைப்படி பால் வைப்பது வீட்டுக்காரி. வீட்டுக்காரி என்றால் யோகமலர்.

மறுநாள் காலை நான் மெயின் போர்டுக்குக் கீழே நின்றேன். குசினி நேரே தெரிந்தது. பானையைக் கையில் எடுத்த யோகமலர், திரும்பி விதுர்ஷாவைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வா மனே. இது உன்ட அம்மாட வீடு. நீதான் பால் வைக்கோணும்."

"நீங்க வைங்க சின்னம்மா. எனக்குப் பொங்கவைக்கத் தெரியாது."

"பொங்கிறது அடுப்பிட வேலை. நீ பக்கத்தில நில்லு. நாளைக்கு இந்த வீடு உனக்குத்தானே."

விதுர்ஷா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பானையை வைத்தாள்.

மெயின் சுவிட்ச் என் தலைக்கு மேலே இருந்தது. கையைத் தூக்கினால் எட்டும். பால் நுரைத்து விளிம்புக்கு வரும்வரை நேரமும் இருந்தது. ஆனால் அணைத்தால் ஏன் என்று மச்சான் கேட்பார். அடுப்பைத் திருப்பிப் பார்ப்பார். பச்சை வயர் சும்மா தொங்குவதைக் காண்பார். பிறகு அந்த வீட்டுப் படியில் நான் கால் வைக்க முடியாது. விதுர்ஷாவின் உரிமைக்குப் பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவளை நினைத்துத்தான் கையைத் தூக்காமல் நின்றேன்.

பால் பொங்கியது. பெண்கள் குரவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவள் மாமா என்று கூப்பிட்டாளா, எனக்குச் சொல்லத் தெரியாது. குரவை நின்ற பிறகு சுவிட்ச்சை அணைத்தேன்.

அடுப்பைக் கழற்றிப் பார்த்த உங்கள் ஆள் நல்ல வேலைக்காரன். பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டான். நான் மறுக்கவில்லை. அடுப்பை அப்படிப் பூட்டியது நான். அணைக்காமல் நின்றதும் நான்.

ஆனால் ஒன்றைச் சரியாக எழுதுங்கள், ஐயா. பால் வைக்க வேண்டியவள் யோகமலர். முறையை மாற்றியது அவள். விதுர்ஷாவின் சாவுக்குக் காரணம் யார் என்று எழுதுகிற இடத்தில், முதலில் அவள் பெயர் வரவேண்டும்.